மாமியாரின் வலது கன்னம்

எங்கள் அலுவலகத்தில் அக்கா என்றால் ஒருவர்தான். படகு ஓட்டுகிறவரும் அக்கா என்பார், மேலதிகாரி மேடமும் அக்கா என்பார். இருபத்தாறு வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். வேலை என்னவென்றால் மீன்களின் முகத்தைப் பார்ப்பது. கேட்டதும் சிரிப்பு வருகிறதல்லவா? வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கும் வந்தது. அன்றைக்குச் சிரித்ததை அக்கா இன்றுவரை மறக்கவில்லை, சமயம் பார்த்துக் குத்திக்காட்டுவார்.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதியில் யாராவது குறுக்கே கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும். கரையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு பவளப்பாறைத் திட்டு இருக்கிறது. அதைக் கண்காணிப்பதற்குத்தான் எங்கள் அலுவலகம். அந்தத் திட்டில் ஒரு பெரிய மீன் உண்டு, நாங்கள் புடைநெற்றி என்போம். ஆளுயரத்துக்கு வளரும். தடித்த உதடு, யாரோ ஓங்கிக் குட்டியதில் வீங்கியது போன்ற நெற்றி. கண்ணுக்குப் பின்னாலும் கன்னத்திலும் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். ஒரு மீனின் கோடு இன்னொரு மீனுக்கு இருக்காது. டைவர்கள் தண்ணீருக்கடியில் படம் எடுத்து வருவார்கள். அக்கா அந்தக் கோடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, இது பழைய ஆள், இது புது ஆள் என்று பதிவேட்டில் ஏற்றுவார்.

அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. முள் நட்சத்திர மீன்களை எண்ணுவது என் பிழைப்பு. தட்டு அகலத்துக்கு, உடம்பெல்லாம் விஷ முள்ளோடு, பவளத்தின் மேல் படுத்துக்கொண்டு அதைத் தின்னும் பிராணி. அது நகர்ந்த இடத்தில் உயிர் போய் வெள்ளையாக எலும்பு மட்டும் மிஞ்சும். அதை எண்ணுவதால் எனக்கு அலுவலகத்தில் 'நட்சத்திரம்' என்று பெயர். இந்த மூஞ்சிக்கு அப்படி ஒரு பெயர். அந்த முள் பிண்டத்தைக் கிட்டப் போய்த் தொடக்கூட மற்ற மீன்கள் யோசிக்கும். புடைநெற்றிதான் சட்டை செய்யாமல் கடித்து மெல்லும். கடல் முள்ளெலியையும் ஓட்டோடு நொறுக்கும். அது சுற்றிவரும் பக்கத்தில் பவளம் தழைத்திருக்கும், அது இல்லாத பக்கத்தில் என் எண்ணிக்கை எகிறும். ஆகவே அக்காவின் மீன்கள் நன்றாக இருந்தால்தான் எனக்கு வேலை குறைவு. சுயநலம்தான், இருக்கட்டும்.

அக்காவின் வீட்டுக்காரர் எங்கள் டைவர். பெரிய டைவர் என்போம். வலது காதில் செவிப்பறை கிழிந்து கேட்காது. அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். கடலிலிருந்து திரும்பியதும் ஈரத் தலையோடு நேரே அக்காவின் மேசைக்கு வந்து நிற்பார், தரையெல்லாம் சொட்டும். பெருக்குகிற அம்மா திட்டுவார். அவருக்குத்தான் காது கேட்காதே, சௌகரியம்.

ஒரு நாள் அப்படி வந்து நின்று, "இன்னைக்கு எங்க மாமியாரைப் பார்த்தேன்" என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை. "எங்கம்மாவா? எங்க?"

"பதினெட்டு மீட்டர் ஆழத்துல. ஒரு புடைநெற்றி. செம்பழுப்பா, நல்லா கொழுகொழுன்னு. நான் போற பக்கமெல்லாம் ஒத்தைக் கண்ணை உருட்டி உருட்டிப் பார்க்குது. மாப்பிள்ளை என்ன பண்றான், எதுல கை வைக்கிறான்னு. அப்படியே உங்கம்மாதான்!"

அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பதிவேட்டைத் திறந்து, 'ஒன்பதாம் எண், பெண், இடது கன்னம்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'மாமியார்' என்று சேர்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் மாமியாரின் படம் வந்தது. மாமியார் கல்லைப் புரட்டுகிறாள், மாமியார் முள்ளெலியை உடைக்கிறாள், சிந்துகிற துண்டுகளுக்காகச் சின்ன மீன்கள் பின்னாலேயே ஓடுகின்றன. எல்லாமே இடது கன்னம். அக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். ஆனால் எந்தப் படத்தையும் முதலில் அதைத் தேடித்தான் எடுப்பார் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

"ஒரு தடவை வா, காட்றேன்" என்று அவர் கூப்பிடாத மாதம் கிடையாது. அக்காவுக்குத் தண்ணீர் என்றாலே உதறல். கால் நனைக்கவே யோசிப்பார். "நீங்க எடுத்துட்டு வாங்க, நான் இங்கேயே பார்த்துக்கிறேன்" என்பார். பன்னிரண்டு வருஷம் இப்படியே போனது.

ஒரு கன்னம் போதும் என்பது அக்கா போட்ட விதி. பிலிம் ரோல் காலத்தில் போட்டது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான். ஒரே மீனின் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டிருந்தால் மற்ற மீன்களுக்கு என்ன செய்வது? எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம். நல்ல விதியாகத்தான் பட்டது, நானும் தலையாட்டினேன். பிலிம் போய்விட்டது, விதி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பெரிய டைவர் வந்து நின்று, "மாமியார் நிறம் மாறுது. பச்சை ஏறுது. அடுத்த தடவை வலது கன்னத்தையும் எடுக்கணும், எதுக்கும் நல்லது" என்றார். சொன்னதோடு நில்லாமல், அக்காவின் பென்சிலை எடுத்து ஒன்பதாம் எண் பக்கத்தின் ஓரத்தில், 'வலது கன்னம் எடுக்கணும்' என்று கிறுக்கிவிட்டார்.

பதிவேட்டில் யாராவது கிறுக்கினால் அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். "ஒரு பக்கம் போதும்னு எத்தனை தடவை சொல்றது? உங்க மாமியாருக்கு என்ன ஆல்பமா போடப் போறீங்க?" என்று வெடித்தார். எல்லோர் முன்னாலும்தான். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து, காலையில் வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சாய்ந்தார். அவ்வளவுதான். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை, நெஞ்சுதான் நின்றுவிட்டது.

அக்கா பதினாறாம் நாள் வேலைக்கு வந்தார். உட்கார்ந்ததும் ஒன்பதாம் எண் பக்கத்தைத் திறந்தார். அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழிக்கிற ரப்பர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

அதோடு மாமியாரும் போய்விட்டாள். அடுத்த டைவர் வந்தார். அவருக்கு நாற்பது வயது, வழுக்கை வேறு. ஆனாலும் பெரிய டைவருக்குப் பிறகு வந்ததால் சின்ன டைவர் ஆனார். மாதாமாதம் படங்கள் வந்தன, மாமியார் வரவில்லை. பழைய மீன்கள் இன்னும் சிலவும் காணாமல் போயின, புது முகங்கள் வந்தன. அந்த வருஷம் கடல் சூடாகிப் பவளம் வெளுத்திருந்தது. பழையவை வேறு பக்கம் போய்விட்டிருக்கும், புதியவை வந்திருக்கும் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். கூட்டத்தில் நான்தான் அதை உரக்கச் சொன்னேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

புதியவற்றில் ஒன்று பிரம்மாண்டமான ஆண். நீலப் பச்சை நிறம், நெற்றி முழங்கை நீளத்துக்குப் புடைத்திருக்கும். திட்டு முழுவதையும் சுற்றிச் சுற்றி வந்து கல்லைப் புரட்டி வேலை வாங்குவது போல இருக்குமென்று சின்ன டைவர் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். முப்பத்திரண்டாம் எண், வலது கன்னம். மேஸ்திரி சுற்றும் பக்கத்தில் எனக்கு நட்சத்திரமே கிடைக்காது. பத்து வருஷமாக அந்தப் பக்கத்துப் பவளம் திரும்பத் துளிர்த்து வந்ததற்கு அவன்தான் காரணம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

அக்காவுக்கு மேஸ்திரியைப் பிடிக்காது. "எப்பப் பாரு இவன் மூஞ்சிதான். கேட்டவ வர மாட்டேங்கிறா, கேக்காதவன் வந்து நிக்கிறான்" என்று அலுத்துக்கொண்டே பதிவு செய்வார். பிறகு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் மாமியாரின் இடது கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருப்பார். ஒரு முறை என்னிடம் வாய்விட்டே சொன்னார். "அவரைத் தெரிஞ்சவங்கன்னு எவ்வளவோ பேர் இருக்காங்க. ஆனா அவர் தண்ணிக்குள்ள எப்படி இருப்பாருன்னு பார்த்தது இவ ஒருத்திதான். இவளாவது இருக்கணும்னு ஆசையா இருக்கு, நட்சத்திரம்."

தேநீர் ஆறுகிறது என்றேன்.

பத்து வருஷம் தென்படாத மீனின் பக்கத்தில் 'இனி இல்லை' என்று எழுதிக் கோடு போட்டு மூட வேண்டும். இதுவும் விதி. போன வருஷமே கெடு முடிந்துவிட்டது. அக்கா கெஞ்சி ஒரு வருஷம் வாங்கினார். இந்த வருஷம் மேடம் விடவில்லை. அவரும் பொல்லாதவர் இல்லை, பட்டியலை மேலே அனுப்பியாக வேண்டும்.

"அக்கா, மாசக் கடைசிக்குள்ள ஒன்பதாம் நம்பரை மூடிடுங்க. எனக்கும் புரியுது. ஆனா மீன் இல்லையே."

"மூடிடறேன் மேடம்."

சொன்னாரே தவிர, எழுதுவதற்குக் கை வரவில்லை. காலையில் அந்தப் பக்கத்தைத் திறப்பார், பேனா மூடியைக் கழற்றுவார், யாராவது கூப்பிட்டது போல எழுந்து போய்விடுவார். பேனா மை காய்ந்துபோனதுதான் மிச்சம். பார்க்கிற எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது சின்ன டைவர் புது கேமரா ஒன்றைக் கொண்டுவந்தார். வீடியோ எடுக்கும். "மேஸ்திரி சாப்பிடறதை எடுத்திருக்கேன், பாருங்க அக்கா. சத்தத்தோட இருக்கு" என்றார். நானும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போனேன்.

மேஸ்திரி ஒரு முள்ளெலியைக் கவ்விப் பாறையில் மோதினான். மடக் மடக்கென்று ஓடு நொறுங்குகிற சத்தம் கேட்டது. சின்ன மீன்கள் மொய்த்தன. திடீரென்று எதையோ பார்த்துவிட்டவன் போல அந்தப் பெரிய உடம்பைத் திருப்பினான். மூன்றே வினாடிதான், இடது கன்னம் திரையை நிறைத்தது. பிறகு போய்விட்டான்.

அக்கா வீடியோவை நிறுத்தவில்லை. எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து, பெட்டியிலிருந்து எட்டுப் படங்களை எடுத்து, பின்பக்கம் தெரியாதபடி என் மேசையில் பரப்பினார். எட்டும் வெவ்வேறு மீன்கள், எல்லாம் இடது கன்னம். வீடியோவை அந்த மூன்று வினாடியில் நிறுத்தினார்.

"நீ பாரு. நான் பார்த்தா என் கண்ணு எனக்குப் பிடிச்சதைத்தான் சொல்லும்."

நான் நட்சத்திரம் எண்ணுகிறவன், மீன் முகம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டேன். கண்ணுக்குப் பின்னால் இரண்டு கோடு. அதில் கீழ்க்கோடு நடுவில் உடைந்து, ஒரு கொக்கியாக வளைந்து மறுபடி ஓடுகிறது. ஐந்தாவது படத்திலும் அதே உடைப்பு, அதே கொக்கி. நிறம் வேறு, பருமன் வேறு, நெற்றி வேறு. கோடு ஒன்றேதான்.

"அஞ்சாவது" என்றேன்.

அக்கா படத்தைத் திருப்பினார். பின்னால் 'ஒன்பது' என்று இருந்தது, அடைப்புக்குறிக்குள் 'மாமியார்' என்றும்.

இந்த மீனில் பெண்ணாக இருப்பவற்றில் சில, வயதானபின் ஆணாக மாறும். எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. படித்திருக்கிறோம், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறோம். கண்ணெதிரே நடந்தபோது கோட்டை விட்டோம். அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "அட, மாமியார் மாமனாராயிட்டாளே!" என்று சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நீர் எப்போது அழுகையானது என்று நான் கவனிக்கவில்லை.

"பதினோரு வருஷம், நட்சத்திரம். மாசாமாசம் என் கை வழியாத்தான் போயிருக்கா. நான் மூஞ்சியைச் சுளிச்சுத் தள்ளிவிட்டிருக்கேன்."

எப்படி இது நடந்தது என்று சின்ன டைவர் யோசித்துச் சொன்னபிறகுதான் மூவருக்கும் விளங்கியது. பெரிய டைவர் காலத்தில் படகு கட்டும் மிதவை திட்டின் வடக்கு முனையில் இருந்தது. அவர் நீரோட்டத்தோடு தெற்கே போவார். மீனும் அதே திசையில், அவருக்கும் பாறைச் சுவருக்கும் நடுவே நீந்தும். அவருக்குத் தெரிவது இடது கன்னம். அவர் போன அடுத்த மாதமே, சின்ன டைவர் சேர்வதற்கு முன்பு, புயலில் மிதவை அறுந்தது, புதிதாகத் தெற்கு முனையில் கட்டினார்கள். சின்ன டைவர் வடக்கே போகிறார். அதே சுவர், அதே மீன், தெரிவது வலது கன்னம். இரண்டு கன்னத்துக் கோடும் ஒன்றாக இருக்காது. ஒரே மீனைக் காணாமல் போனதாக ஒரு பக்கத்திலும், புதிதாக வந்ததாக இன்னொரு பக்கத்திலும் எழுதி வைத்திருந்தோம்.

"அப்போ மத்த மீனும்...?" என்று இழுத்தார் சின்ன டைவர்.

அதுதான் விஷயம். மாமியார் மட்டுமா இப்படி? இடது கன்னம் மட்டும் உள்ளவை, வலது கன்னம் மட்டும் உள்ளவை என்று பதிவேட்டில் எத்தனையோ. நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னேன். "அக்கா, ஒன்பதாம் நம்பர் கிடைச்சிருச்சுன்னு மட்டும் மேடம்கிட்ட சொல்லுங்க. விதியைப் பத்திப் பேச்செடுக்காதீங்க. வேலியில போறதை எதுக்கு எடுத்து விட்டுக்கணும்?"

"அவர் எடுக்கணும்னு எழுதி வெச்சாரு. நான் எல்லார் முன்னாடியும் திட்டினேன். இப்பவும் மறைக்கச் சொல்றியா?" என்றார் அக்கா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது.

அவரே போய் மேடத்திடம் சொன்னார். என் விதி, என் தப்பு என்று நேரடியாகவே சொன்னார். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். கெடு தள்ளிப்போனது. சின்ன டைவர் எதிர்த்திசையில் நீந்தி நீந்தி இடது கன்னங்களாகப் பிடித்து வந்தார். இரண்டு மாதம் ஒவ்வொரு மீனாகச் சரிபார்த்தோம். உயிரோடிருப்பதாக எழுதியிருந்தவை முப்பத்தொன்று. சரிபார்த்தபின் இருபத்திரண்டு.

"ஒன்பது மீன் செத்துப்போச்சு" என்றேன் நான், எரிச்சலில்.

"சாகலை. அதுங்க பிறக்கவே இல்லை" என்றார் அக்கா. மேஸ்திரி ஒருவன் எவ்வளவு பெரிய பரப்பைக் காத்துவருகிறான் என்பது அந்த இருபத்திரண்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நட்சத்திரம் மறுபடி பெருகினால் தாங்க ஆளில்லை. மேலே புது எண்ணிக்கை போனது. அக்காவின் பெயரில் ஒரு விளக்கக் கடிதமும் போனது.

கடிதம் போன மறுநாள் அக்கா சின்ன டைவரிடம் போய், "என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

"எங்கக்கா?"

"எங்கன்னா? அங்கதான்."

துணைக்கு நானும் போனேன். எனக்குப் படகு ஒத்துக்கொள்ளாது, வழியெல்லாம் குமட்டியது. ஆனாலும் போனேன். அக்காவுக்கு மிதவைச் சட்டை மாட்டி, முகக் கண்ணாடி மாட்டி, கையில் கயிற்றைக் கொடுத்து ஏணி வழியாக இறக்கினோம். முதல் மூன்று தடவையும் முகத்தை நீரில் வைத்த உடனே எடுத்துவிட்டார். நான்காவது தடவை வைத்தார், எடுக்கவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். குழாய் வழியாக மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஏழு நிமிஷம்.

மேலே ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். நான்தான் கேட்டேன். "தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சா. ரொம்பக் கீழ. ஒரு கல்லைப் புரட்டிட்டு இருந்தா. நிமிர்ந்துகூடப் பார்க்கலை." பேரன் பேத்தி எடுக்கிற வயதுள்ள ஆண் மீனை அவர் கடைசிவரை 'அவள்' என்றுதான் சொன்னார். "அவரைத்தான் உருட்டி உருட்டிப் பார்த்திருக்கா. என்னை எதுக்குப் பார்க்கணும்?"

படகு திரும்பியது. கரை தெரிகிற வரைக்கும் அக்கா திட்டின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தண்ணி அவ்வளவு ஒண்ணும் பயமா இல்லை. ஒரு தடவை வந்திருக்கலாம் நான். அவர் கூப்பிட்டப்போ ஒரே ஒரு தடவை வந்திருக்கலாம்" என்றார். சின்ன டைவர் எஞ்சினைக் கவனிப்பது போலக் குனிந்துகொண்டார்.

அலுவலகத்துக்கு வந்ததும் தலை ஈரத்தோடு அக்கா தம் மேசையில் உட்கார்ந்தார். தரையில் சொட்டியது. பெருக்குகிற அம்மா பார்த்தார், திட்டாமல் துடைத்துவிட்டுப் போனார். அக்கா ஒன்பதாம் எண் பக்கத்தைத் திறந்து, மாமியாரின் இடது கன்னத்துக்குப் பக்கத்தில் மேஸ்திரியின் வலது கன்னத்தை ஒட்டினார். முப்பத்திரண்டாம் எண்ணை அடித்தார்.

ஓரத்தில் அந்தப் பென்சில் எழுத்து மங்கலாக இருந்தது. 'வலது கன்னம் எடுக்கணும்.' மை காய்ந்த பேனாவை உதறிப் பார்த்தார், எழுதவில்லை. என் பேனாவை வாங்கி, அதற்கு நேர் கீழே எழுதினார்.

'எடுத்தாச்சு.'